வழுக்கும் நாக்கும் ‘சுமூக’ முடிவும்

ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது. ஜி, எல், ஐ, பி. தமிழில் எழுதினால் தலையில் குத்துகிற கிளிப் போலத் தெரியும் என்பதால் ‘க்லிப்’ என்று எழுதிக்கொள்கிறேன். அகராதியைப் பிரித்தால் சரளமாகப் பேசுவது, ஆனால் மனதிலிருந்து பேசாதது, ஆழமில்லாதது என்று பொருள் போட்டிருப்பார்கள். டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகளில் வழுக்குவதைக் குறிக்கும் சொற்களோடு உறவுடையது. ஆங்கிலத்திலும் 16ஆம் நூற்றாண்டில் இதற்கு வழவழப்பு, வழுக்கல் என்றுதான் அர்த்தம். அப்புறம்தான் அது தரையிலிருந்து நாக்குக்கு ஏறியது. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில், அப்பன் சொத்துக்காக அன்பை அளந்து கொட்டிய அக்காள்களின் பேச்சைக் கடைசி மகள் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுவாள். சொத்துப் பிரிக்கிற இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு வேலை என்பதைக் கவனியுங்கள்.

வழுக்கல் என்றால் டெல்டாக்காரனுக்கு விளக்கம் தேவையில்லை. ஐப்பசி மழையில் களிமண் வரப்பில் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து நடந்தவர்களுக்குத் தெரியும். வழுக்குகிற இடத்தில் கால் வைத்து விழுகிறவர் எப்போதும் கூலிக்குப் போனவர். வரப்பு யாருடையதோ அவர் ரோட்டில் நிற்பார். பேச்சும் அப்படித்தான். வழவழப்பான பேச்சைப் பேசுகிறவர் விழுவதில்லை. அதை நம்பிக் கால் வைக்கிறவர் விழுகிறார்.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பசப்பு இருக்கிறது. சப்பைக்கட்டு இருக்கிறது. வாய்ச்சவடால் இருக்கிறது. ‘வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு’ என்று நம் பாட்டிகள் சொல்வது அசல் க்லிப்தான்: வாயில் இனிப்பு, கையில் அரிப்பு. ஆனால் இவையெல்லாம் எதிரே நிற்கிற ஆளைத் திட்டுகிற சொற்கள். அதிகாரத்தின் க்லிப்புக்குத் தமிழில் வேறொரு சொல் இருக்கிறது. அது மரியாதையான சொல். தினமும் பேப்பரில் வருகிறது. ‘சுமூகம்.’

‘இரு தரப்பினரிடையே ஏற்பட்ட மோதல் பேச்சுவார்த்தையில் சுமூகமாக முடிந்தது.’ இந்த வாக்கியத்தை எத்தனை முறை வாசித்திருப்பீர்கள்? இதில் ஒவ்வொரு சொல்லும் எண்ணெய் போட்டுத் தேய்த்த சொல். ‘இரு தரப்பு’ என்றால் அடித்தவனும் அடிபட்டவனும் சரிசமம். ‘மோதல்’ என்றால் யாரும் யாரையும் அடிக்கவில்லை, இரண்டு பஸ் மோதிக்கொண்ட மாதிரி. ‘ஏற்பட்ட’ என்றால் அதுவாக வந்தது, யாரும் செய்யவில்லை. எஃப்.ஐ.ஆரில் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் ‘முன்விரோதம்’. சாதி சொல்லித் திட்டி, கொடிக்கம்பத்தில் கட்டிவைத்து அடித்தாலும் ‘முன்விரோதம் காரணமாக’ என்று எழுதிவிட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளைத் தொடாமல் தாண்டிவிடலாம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அது சில நாட்களிலேயே ‘வேங்கைவயல் விவகாரம்’ ஆனது. விவகாரம்! குடிதண்ணீரில் மலத்தைப் போட்டது விவகாரமாம். பங்காளி வாய்க்கால் தகராறுக்கும் இதே சொல்தான்.

வழவழப்பான மொழி என்ன செய்யும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் தாண்டி தேவூர் பக்கம் போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அங்கே குற்றம். ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கிய 44 தலித் மக்களை உள்ளே வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது.

அந்தத் தீர்ப்பின் ஆங்கிலத்தைச் சட்டம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். திட்டு இல்லை, கோபம் இல்லை, சாதிப்பெயர் சொல்லி இழிவு இல்லை. இழுத்துப் போர்த்திய, நிதானமான, படித்த ஆங்கிலம். அது சொல்கிற நியாயம் இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், நாயுடுவிடம் கார் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம். கார் வைத்திருப்பவர் நடந்து போக மாட்டார், ஆகவே கொளுத்தியிருக்க மாட்டார்! சேரியிலிருந்து தப்பி வந்து சாட்சி சொன்னவர்களின் பேச்சில் முன்னுக்குப் பின் முரண் இருந்ததாம். இருக்காதா? சொந்தப் பிள்ளை எரிகிற சத்தத்தைக் கேட்டவள் சாட்சிக் கூண்டில் ஏறி நேரம், திசை, தூரம் எல்லாம் கோர்வையாகச் சொல்ல வேண்டுமா? அவள் திக்கினாள், அதனால் அவள் பேச்சு பொய். தீர்ப்பு திக்கவில்லை, அதனால் அது நீதி. அந்த ஆண்டே மைதிலி சிவராமன் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரைக்கு ‘வெண்மணியின் கனவான் கொலைகாரர்கள்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தீர்ப்பு பக்கம் பக்கமாக நாசூக்காகச் சொன்னதை அந்தத் தலைப்பு மூன்று சொல்லில் போட்டு உடைத்துவிட்டது. நம் எழுத்து அப்படி இருக்க வேண்டும்.

அது அந்தக் காலம் என்று நினைக்கிறவர்கள் 2021 ஜூலையில் மாநிலங்களவையில் நடந்ததைப் பாருங்கள். மனிதக் கழிவை மனிதன் அகற்றும் வேலையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேள்வி. சமூக நீதித் துறை இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே, அப்படி இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று பதில் கொடுத்தார். அதே அமைச்சகம் அதே ஆண்டின் தொடக்கத்தில், 2020 டிசம்பர் 31 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தது. 340 எப்படி பூஜ்யம் ஆனது? செத்தவர் யாரும் எழுந்து வரவில்லை. சட்டத்தில் மலம் அள்ளுவதற்கு ஒரு விளக்கம், சாக்கடைத் தொட்டியில் இறங்குவதற்கு வேறொரு விளக்கம். ‘அபாயகரமான முறையில் சுத்தம் செய்தல்’ என்ற தலைப்புக்குக் கீழே செத்தவர், முதல் கேள்விக்குச் செத்தவர் கணக்கில் வர மாட்டார். பொய் என்று பிடிக்கவும் முடியாது. க்லிப்பின் உச்சம் இதுதான். பொய்யன் உண்மையை மறைக்கிறான், மாட்டிக்கொண்டால் நெளிகிறான். இவர்கள் உண்மையை வேறு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இந்தப் பெட்டி காலி என்று திறந்து காட்டுகிறார்கள்.

இதற்கு அடுத்து வந்த திட்டத்தின் பெயர் தெரியுமா? இயந்திரமயத் துப்புரவுக்கான தேசியத் திட்டம். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நமஸ்தே’ வருகிற மாதிரி உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு ஒரு கும்பிடு. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் ஐந்து துப்புரவுப் பணியாளர்களின் காலைப் பிரதமர் கழுவிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். கால் கழுவுவதற்கு வாளித் தண்ணீர் போதும். தொட்டிக்குள் ஆள் இறங்காமல் இருக்க இயந்திரம் வேண்டும், ஒப்பந்ததாரர் மேல் வழக்கு வேண்டும், 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 10 லட்சமும் 2023இல் அது உயர்த்திச் சொன்ன 30 லட்சமும் வீட்டு வாசலுக்கு வர வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். நெடுங்காடு காரைக்காலின் தனித் தொகுதி. 2021இல் அங்கிருந்து ஜெயித்த சந்திர பிரியங்கா புதுச்சேரியின் போக்குவரத்து அமைச்சர் ஆனார். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரி அமைச்சரவையில் ஒரு பெண், அதுவும் தலித் பெண். 2023 அக்டோபரில் ராஜினாமா செய்தார். சாதி ரீதியாகவும் பாலின ரீதியாகவும் தாக்கப்பட்டதாக, சூழ்ச்சி அரசியலையும் பண பலத்தையும் எதிர்த்து நிற்க முடியவில்லை என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். மேலிடத்திலிருந்து வந்த விளக்கம் என்ன? அவர் செயல்பாட்டில் முதல்வருக்கு முன்பே அதிருப்தி இருந்தது என்பது. சரி, இருந்திருக்கலாம். அவர் துறையை எப்படி நடத்தினார் என்று விவாதிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, அந்தக் கட்சியையும் அந்தக் கூட்டணியையும் தூக்கிப் பிடிப்பது என் வேலை அல்ல. ஆனால் ஒரு பெண் ‘சாதி’ என்று எழுதிய கடிதத்துக்கு ‘அதிருப்தி’ என்று பதில் வந்தால், அது அந்தக் கேள்விக்கான பதில் இல்லை. சாதி இருந்ததா, யார் செய்தார்கள், எங்கே? இந்த மூன்றில் ஒன்றையும் அந்த வாக்கியம் தொடவில்லை. தொடாமலே பதில் சொன்ன மாதிரியும் ஆகிவிட்டது.

காரைக்காலுக்கு இந்த வழவழப்பு புதிதில்லை. 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த மண்ணை வாங்கினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு அல்லவா! 1848இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1850களிலிருந்தே புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பல் போனது. ரெயூனியனுக்கும் போனது. போனவர்களில் பலர் நிலமில்லாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இப்போது பெயர் அடிமை இல்லை, ‘ஒப்பந்தம் செய்துகொண்டவர்’. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்த காகிதத்துக்கு ஒப்பந்தம் என்று பெயர். 1881இல் சாதிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணை வந்தது. தலித்துகள் உள்ளிட்ட பலர் கையெழுத்துப் போட்டுக் குடும்பப் பெயர் வாங்கினார்கள், பிரெஞ்சுக்காரனுக்குச் சமம் என்று நம்பினார்கள். 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர்கள் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. சமத்துவத்துக்கு மூன்று வரிசை. நம் ஊர் டீக்கடையில் இரண்டு கிளாஸ்தான்.

இதே மண்ணின் வரலாற்றில் வேறொரு பேச்சும் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் சம்பவம். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர். காரைக்காலிலிருந்து போன பாதிரியார் அதைப் பார்த்துவிட்டுச் சேரி மக்களைத் தூண்டிவிட, அவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் கேட்டார்கள். நாங்கள் உங்கள் சீடர்கள்தான் என்றால் எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா, கடவுள் வைக்காத வேற்றுமையை நீங்கள் ஏன் ஒத்துக்கொண்டீர்கள், விளக்கம் சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி. அலங்காரம் கிடையாது, சுற்றி வளைக்கவில்லை. சுவர் இடிக்கப்பட்டது. 280 ஆண்டுகளுக்கு முன்னால் நம் ஆட்கள் கேட்ட அந்தக் கேள்வியில் வழுக்குவதற்கு ஒரு இடம்கூட இல்லை.

இப்போது இந்தச் சொல்லின் இன்னொரு பக்கம். அதிகாரத்தின் மேல் ஒட்ட வேண்டிய இந்தச் சொல் நம் பிள்ளைகளின் மேல் வந்து விழுகிறது. ஒரு கருத்தரங்கில் நம் மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை தாமதமாவது பற்றி ஆங்கிலத்தில் பேசினார். தேதி, தொகை, அரசாணை எல்லாம் சொன்னார், திக்கவில்லை. பேசி முடித்ததும் மேடையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ‘நைஸ், பட் அ பிட் க்லிப்’ என்றார். மைக் அணைந்திருக்கவில்லை. எதில் பொய்? எதில் ஆழமில்லை? ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகப் பேசினாள் என்பதே குற்றம்.

நேர்முகத் தேர்வுகளில் இது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். நம் பையன் தடுமாறினால் ‘கம்யூனிகேஷன் வீக்’. தடுமாறாமல் பேசினால் ‘கோச்சிங்கில் மனப்பாடம் பண்ணி வந்திருக்கான்’. அதே நுனிநாக்கு ஆங்கிலம் அக்ரகாரத்திலிருந்தோ பண்ணை வீட்டிலிருந்தோ வந்தால் ‘கான்ஃபிடன்ஸ்’. மூன்று தலைமுறையாக வீட்டில் புழங்குகிற ஆங்கிலம் இயல்பு, மூன்று வருடத்தில் நூலகத்தில் உட்கார்ந்து உழைத்துக் கற்ற ஆங்கிலம் பாசாங்கு. உழைத்துச் சேர்த்தது பாசாங்காம், பரம்பரையாக வந்தது உண்மையாம். இந்தக் கணக்கை நிலத்தில் பார்த்திருக்கிறோம், இப்போது நாக்கிலும் பார்க்கிறோம்.

ஆகவே சரளம் வேறு, க்லிப் வேறு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை ஆங்கிலத்திலேயே வாசியுங்கள். எங்காவது திக்குகிறதா? ஆற்று வெள்ளம் மாதிரி போகிறது. ஆனால் தான் முன்னின்று எழுதிய அரசியல் சட்டம் நிறைவேறப் போகிற நேரத்தில், எல்லோரும் மாலையும் கையுமாக நிற்கிறபோது, அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் அசமத்துவமுமாக முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார். அந்தப் பேச்சால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. பேசுகிறவன் ஏதாவது ஒன்றைப் பணயம் வைத்தால் அது க்லிப் ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரே உரைகல் இதுதான்.

பெயர் விஷயத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ‘அரிஜன்’ என்றார்கள். கடவுளின் பிள்ளைகள்! எவ்வளவு இனிப்பு. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். அதற்கு வெகுமுன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் குனிய வைத்தார்களோ அதையே தலைப்பில் அச்சடித்துத் தெருவில் விற்றார். இது வழுக்காத சொல், கல் மாதிரி. 1982இல் மத்திய உள்துறை சாதிச் சான்றிதழ்களில் ‘அரிஜன்’ எழுதாதே என்றது. 2018இல் தகவல் ஒளிபரப்புத் துறை, நாமே எடுத்துக்கொண்ட ‘தலித்’ என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்லி ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியது. உடைந்தவன், நசுக்கப்பட்டவன் என்று பொருள் வருகிற சொல் காதில் உறுத்துகிறது. உறுத்தட்டும்.

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும் தோழர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் 14 மேடைகளில் ஒலிபெருக்கி கிழியப் பேசுகிற சிலர், 15ஆம் தேதி காலை காலனித் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதக் கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை. என்.ஜி.ஓ. அறிக்கைகளில் ‘ஸ்டேக்ஹோல்டர்’, ‘கெப்பாசிட்டி பில்டிங்’, ‘எம்பவர்மென்ட்’ என்று அடுக்குகிறார்கள். ஊரைவிட்டு விரட்டப்பட்ட குடும்பம் அந்த அறிக்கையில் ‘வல்னரபிள் ஹவுஸ்ஹோல்ட்’ ஆகிவிடுகிறது. விரட்டியவன் காணாமல் போய்விடுகிறான். ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள், வெறிகொண்டு கற்றுக்கொள்ளுங்கள். எவனும் ‘க்லிப்’ என்றால் கூசிப் போய்த் தடுமாற ஆரம்பிக்காதீர்கள். அதைத்தான் அவன் எதிர்பார்க்கிறான். ஆனால் நீங்கள் எழுதுகிற வாக்கியத்தில் செய்தவன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘நிலம் பறிக்கப்பட்டது’ என்று நிறுத்தாதீர்கள், யார் பறித்தார்கள் என்று எழுதுங்கள். தமிழின் செயப்பாட்டு வினை ஆதிக்கச் சாதிக்குக் கிடைத்த நல்ல வக்கீல். ஃபீஸ்கூட வாங்காது.

கடைசியாக நடைமுறைக்கு ஒன்று. தாசில்தார் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ ‘அமைதிப் பேச்சுவார்த்தை’க்குக் கூப்பிடுவார்கள். டீ வரும், வடை வரும், தம்பி, தோழர் என்று தோளில் கை போடுவார்கள். முடிவில் ஒரு தாள் வரும். அதில் ‘இரு தரப்பும் சுமூகமாகப் போவதாக ஒப்புக்கொண்டனர்’ என்று இருக்கும். பேனாவை வாங்காதீர்கள். புகார் கொடுத்த தேதி, குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், எந்தப் பிரிவு, விசாரிக்கும் டி.எஸ்.பி. யார் என்று கேளுங்கள். 1995 விதிகளின் ஏழாவது விதிப்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறைந்தவர் இந்த வழக்கைப் புலனாய்வு செய்யக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உள்ள உரிமைகளை 2015 திருத்தம் 15ஏ பிரிவில் தனியாகவே எழுதியிருக்கிறது, அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கும் அதே சட்டத்தின் நான்காம் பிரிவு தண்டனை சொல்கிறது என்பதை மெதுவாக, டீயைக் குடித்துக்கொண்டே ஞாபகப்படுத்துங்கள். இதெல்லாம் அந்தத் தாளில் ஏறாமல் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கையெழுத்தும் விழக் கூடாது. படிக்கத் தெரியாத பெரியம்மா யாராவது கூட வந்திருந்தால், அவர் கட்டைவிரலில் மை தடவுவதற்கு முன் அந்தத் தாளை முழுக்க, சத்தமாக, நம் பேச்சில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.